நிதானம் குகையைக் கடந்த அன்று

என் மாப்பிள்ளையை எங்கள் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நிதானம்’ என்றால்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இதுவரை ஒரு குழந்தைக்கு முட்டியில் சிராய்ப்பு விழுந்தது கிடையாது. மற்ற வேன்கள் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு பறக்கும். இவர் வண்டி சந்துமுனைக்கு வந்தால் நிற்கும். அவர் தலை முழுசாக இடப்பக்கம் திரும்பும், பிறகு முழுசாக வலப்பக்கம் திரும்பும், திரும்பவும் ஒருமுறை இடப்பக்கம். அதற்கப்புறம்தான் சக்கரம் உருளும்.

“கோழி கொத்தறதுக்கு முன்னாடி பார்க்கிற மாதிரி பார்க்கிறாரு பாரேன்” என்று கீழ்வீட்டுத் தையல்காரி சிரிப்பாள். சிரித்துவிட்டுத் தன் இரண்டு பிள்ளைகளையும் அந்த வேனில்தான் ஏற்றி அனுப்புவாள்.

அந்தத் தலைதிருப்பலைப் பார்த்து நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம்.

என் மகளைக் கட்டும்போது அவர் சோடா கம்பெனியில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். முதுகு போய்விடும் என்று பயந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். வேன் கைக்கு வந்த அன்றைக்கு அதன் நான்கு சக்கரத்தையும் துடைத்துவிட்டு, துடைத்த துணியை மடித்து வைத்தார். அப்படிப்பட்ட மனுஷன். வண்டியின் முன்பெட்டியைத் திறந்தால் தலைக் கிளிப்பு ஏழெட்டு, ஜோடி தொலைந்த காலுறைகள், வளைவில் வாந்தி எடுக்கிற சின்னவளுக்கென்று புளிப்பு மிட்டாய், மழைக்குப் பழைய துண்டு இரண்டு. எந்தக் குழந்தைக்கு எந்தத் திருப்பத்தில் தூக்கம் வரும் என்பதுகூட அவருக்கு அத்துப்படி.

இவ்வளவு சொல்கிறேனே, எனக்கு அவர்மேல் ஆறு வருஷமாக ஒரு மனத்தாங்கல் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டீ போட்டு டம்ளரை நீட்டினால் வாங்கமாட்டார். பக்கத்தில் நின்று கை வலிக்க நீட்டிக்கொண்டிருப்பேன். அவர் நேரே பார்த்தபடி பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார். மாமியார் கையால் வாங்கினால் கௌரவம் குறைந்துவிடுமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் நீட்டுவதையே விட்டேன். மேசைமேல் ‘ணங்’கென்று வைத்துவிட்டுப் போவேன். அதையும் முழங்கையால் தட்டிக் கொட்டுவார்.

“மாப்பிள்ளை, கொட்டறதுக்குத்தான் டீ போடறேனா?” என்று கேட்பேன்.

“தெரியாம பட்டுடுச்சு அத்தை” என்பார். எப்போதும் அதே பதில்.

தெருவில் எதிரே வருகிறவர்கள் கும்பிட்டால் திருப்பிக் கும்பிடமாட்டார். பேப்பர்காரர் ஒருநாள் என்னிடமே சொன்னார், “உங்க மருமகனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்மா.” எங்கள் வீட்டுப் பூனை வாலை அவர் எத்தனை தடவை மிதித்திருப்பார் என்று கணக்கே இல்லை. அது பார்த்துப் பார்த்து ஒருநாள் எதிர்வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

இப்படி இருக்கும்போது, போன இரண்டு மாதத்தில் வேனின் இடப்பக்கத்தில் மூன்று கோடு விழுந்தது. ஒன்று கேட் தூணில் உரசியது. ஒன்று பள்ளிக்கூடச் சுவரில். ஒன்று எதில் என்று அவருக்கே தெரியவில்லை. வேன் முதலாளியம்மா நேரில் வந்தாள். மூன்று கோட்டின்மேலும் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

“நிதானம், உங்களுக்கு ஊர் வச்ச பேருக்கே இது அவமானம். இன்னும் ஒரு கோடு விழுந்தா சாவியை என் கையில கொடுத்துடணும். வேற ஆள் தயாரா இருக்கான்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் போனபிறகு கேட்டின் இரண்டு தூணுக்கும் நடுவில் சாண் போட்டு அளந்து பார்த்தார். மாடிக்கு வந்ததும், “அத்தை, அந்த வண்டியும் போயிட்டா நான் யாரு?” என்றார். என்னிடம் அவர் அவ்வளவு நீளமாக ஒரு கேள்வி கேட்டதே அதுதான் முதல் தடவை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மேல் அலமாரியில் மருந்து எடுக்க ஏணியில் ஏறியவள் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். விரல் நுனிவரை மாவுக்கட்டு. மூன்று வாரம் வீட்டில் இரு என்றார்கள். வலியைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அவளால் தாங்க முடியாதது என்னவென்றால், டிவியில் மாட்டி விளையாடுகிற அந்த விளையாட்டு பாதியில் நின்றுபோனதுதான்.

சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுக்கு அந்தப் பைத்தியம் உண்டு. காடு, குளம், மலை என்று அலைந்து பூதக்குட்டிகளைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு குட்டி. இவள் இருநூற்று நான்கு பிடித்துவிட்டாள். மிச்சம் எட்டில் ஒன்று, வால் நுனியில் விளக்கு எரிகிற குட்டி. அதற்கு இவர்கள் வைத்த பெயர் ‘விளக்குவால்’. அது இருக்கிற இடத்துக்குப் போக ஒரு குகையைக் கடந்தாக வேண்டும்.

“பாப்பாவை விட்டு அழுத்தச் சொல்லேன்” என்றேன். பாப்பா என்றால் என் பேத்தி. பதிமூன்று வயது.

“அவகிட்டயா? போன தடவை கொடுத்ததுக்கு, நான் ஒரு மாசம் வளர்த்த குட்டியை ‘போ, நல்லா இரு’ன்னு காட்டுல விட்டுட்டு வந்துட்டாம்மா!”

“அது அழற மாதிரி இருந்துச்சும்மா” என்றாள் பேத்தி.

“நான் அழுதது உனக்குத் தெரியலையா?”

கடைசியில் மாப்பிள்ளை சிக்கினார். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். “ஏங்க, நீங்க ஓட்டுங்க. நான் வழி சொல்றேன். சொன்னதை மட்டும் செய்யற ஒரே ஆள் இந்த வீட்டுல நீங்கதான்” என்று சொல்லி, பொத்தான் வைத்த கைப்பிடியை அவர் கையில் திணித்தாள். அவர் டிவிக்கு ஒரு கை தூரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவர் எப்போதும் அவ்வளவு கிட்டத்தில்தான் உட்காருவார். “டிவிக்குள்ளயே போயிடுங்க” என்று நான் எத்தனையோ நாள் ஏசியிருக்கிறேன்.

முதலில் புல்வெளி. நல்ல வெயில், பச்சைப் பசேல் என்று படம் பளபளத்தது. நடுவில் தொப்பி போட்ட ஒரு சின்ன உருவம். அதுதான் நம் ஆள். ஓரங்களிலிருந்து பூதக்குட்டிகள் துள்ளிக்கொண்டு வரும். பார்த்து ஒதுங்க வேண்டும். இவரோ ஒன்றுக்கும் ஒதுங்கவில்லை. வந்தது எல்லாம் இவர்மேல் மோதியது.

“வலது பக்கம் வருதுங்க! வருது, வருது… போச்சு!”

“எங்க வந்துச்சு?”

“மூக்குக்கு நேரா வந்து நின்னு வணக்கம் சொன்னாத்தான் தெரியுமா உங்களுக்கு?”

நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார்.

குகை வாசல் வந்தது. என் மகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். “இங்கதான் எல்லாரும் முழி பிதுங்கறது. உள்ள போனா ஒண்ணுமே தெரியாது. விளக்குவால் கையில இருந்தா வெளிச்சம் போட்டுக்கிட்டுப் போகலாம். அது இருக்கிறதோ குகைக்கு அந்தப் பக்கம். யார் யோசிச்சானோ தெரியலை, கொலைகாரப் பாவி. நான் ரெண்டு தடவை உள்ள போய் வழி தெரியாம சுத்திச் சுத்தி, குட்டிங்க எல்லாம் மயங்கி, திரும்ப வாசலுக்கே வந்துட்டேன்.”

“போகட்டுமா?” என்றார் அவர்.

“போங்க. மெதுவா.”

உருவம் உள்ளே நுழைந்தது. படம் கறுத்துவிட்டது. கரண்ட் போய்விட்டதென்று நினைத்து நான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தேன், அது சுற்றிக்கொண்டிருந்தது. டிவியில் நட்ட நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் மட்டும் மிச்சம். அதற்குள் அந்தத் தொப்பிக்காரி. அவள் காலடியில் கொஞ்சம் பழுப்புத் தரை. மற்றதெல்லாம் தார் ஊற்றிய மாதிரி.

என் மகள் கழுத்தை நீட்டினாள். பேத்தி எழுந்து நின்றாள். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. புல்வெளியில் எப்படி நடந்தாரோ அப்படியே நடந்தார்.

சுவரில் மோதினால் ‘டொக்’கென்று ஒரு சத்தம் வரும். முதல் டொக்கில் நின்றார். இடப்பக்கம் ஓர் அடி எடுத்து வைத்துப் பார்த்தார். டொக். வலப்பக்கம் வைத்தார். சத்தம் இல்லை. அந்தப் பக்கமே போனார். அதன்பிறகு சுவரை விடவே இல்லை. திருப்பம் வந்தால் நிற்பார். உருவத்தை இடப்பக்கம் திருப்புவார், வலப்பக்கம் திருப்புவார், மறுபடி இடப்பக்கம். அப்புறம்தான் போவார். எனக்கு அந்தச் சந்துமுனை ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. விளையாட்டிலும் வேன்தான் ஓட்டுகிறார் என்று நினைத்தேன்.

“இதே வழியா வந்தோமாங்க?” என்று என் மகள் குழம்பினாள்.

“இல்லை. இது நாலாவது திருப்பம். ரெண்டாவதுல அடைப்பு இருந்துச்சு, அதை விட்டுட்டோம்.”

“எப்படிங்க ஞாபகம் வச்சிருக்கீங்க?”

“வழிதானே. ஒருதரம் போனா போதாதா?”

பாறை மாதிரி ஒரு பூதம் குதித்தது. என் மகள் “ரெண்டாவது பொத்தான், ரெண்டாவது பொத்தான்!” என்று அலற, அவர் அழுத்த, அது சாய்ந்தது. ஏணி ஒன்று இறங்கியது. கீழே இன்னொரு குகை, அதைவிடக் கறுப்பு. அங்கேயும் டொக், நிற்பு, திருப்பம், நடை. கால் மணியோ, அதைவிடக் கொஞ்சம் கூடவோ ஆகியிருக்கும். திடீரென்று படம் முழுவதும் வெள்ளையாக வெடித்து வெயில் வந்தது. புல், மரம், வானம். குகை முடிந்துவிட்டது.

என் மகள் ஒற்றைக் கையால் அவர் முதுகில் தட்டினாள். பேத்தி குதித்தாள். நான் எழுந்து டீ போடப் போனேன்.

“அப்பாடா, வெளிச்சம் வந்துச்சுங்க! எப்படிங்க அந்த இருட்டுல தட்டுத் தடுமாறாம வந்தீங்க?” என்றாள் என் மகள்.

“எந்த இருட்டு?” என்றார் அவர்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். என் மகள் அவர் தோளில் இடித்தாள். “ரொம்பத்தான். குகை இருட்டுங்க. படம் பூரா கறுப்பா ஆயிடுச்சே.”

“எப்ப ஆச்சு? அந்தப் பொம்மை தெரிஞ்சுதே. தரை தெரிஞ்சுதே. தரை நிறம் மாறுச்சு, அவ்வளவுதானே?”

“அப்பா, சுத்தி ஒண்ணுமே இல்லைப்பா. நடுவுல ஒரு வட்டம்தான் இருந்துச்சு” என்றாள் பேத்தி.

“ஆமா. எப்பவும் அப்படித்தானே பாப்பா இருக்கு?”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அணைக்கவில்லை. எப்பவும் அப்படித்தானே என்றால் என்ன அர்த்தம்? இந்த வீடு, இந்தத் தெரு, அந்தச் சந்துமுனை, எல்லாம் எப்பவும் அப்படித்தானா?

நான் கரண்டியும் கையுமாகப் போய் அவருக்கு இடப்பக்கத்தில் நின்றேன். அவர் காதுக்கும் கரண்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருக்காது.

“மாப்பிள்ளை, டிவியையே பாருங்க. திரும்பக் கூடாது. என் கையில என்ன இருக்கு?”

“நீங்க பின்னாடிதானே அத்தை நிக்கிறீங்க?” என்றார்.

கரண்டியை மெல்ல முன்னால் நகர்த்தினேன். காதைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. அவர் மூக்கு நுனிக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான் அவர் திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார். “கரண்டி!” என்றார். வலப்பக்கம் போய் நின்று அதையே செய்தேன். அங்கேயும் அதே கதை. பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

என் ஆறு வருஷக் கோபம் நின்ற இடத்திலேயே தண்ணீராகிப் போனது. நான் நீட்டிய டம்ளர் எதையும் அவர் பார்த்திருக்கவில்லை. பேப்பர்காரரின் கும்பிடைப் பார்க்கவில்லை. பூனையைப் பார்க்கவில்லை. தூணைப் பார்க்கவில்லை. அந்த மனுஷன் கையில் தினமும் பதினான்கு குழந்தைகளைக் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் மேலே உட்கார்ந்து டீ டம்ளருக்காக முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

என் மகள் சத்தமே இல்லாமல் அழுதாள். “கண்ணுல ஊத்தற சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுக்கிறேன். ‘ஓரப் பார்வை போகுதும்மா’ன்னு அவங்க சொல்றதைக் கேட்டு ‘ஐயோ பாவம்’னு சொல்றேன். என் வீட்டுல…”

அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து சுவரில் இருந்த காலண்டரைக் காட்டினார். “அடியில இருக்கிற பொடி எழுத்தைப் படிக்கட்டுமா? லைசென்ஸ் எடுக்கும்போது பலகையில கடைசி வரி வரைக்கும் படிச்சவன் நான். கண்ணுல ஒண்ணும் இல்லை. கொஞ்சம் கவனக் குறைவு. லீவு விடட்டும், டாக்டரைப் பார்க்கிறேன்.”

“லீவு வர்ற வரைக்கும்?”

“வண்டி ஓட்டணும்ல அத்தை. நாளைக்கு ஒருநாள் நிறுத்தினா அந்தம்மா வேற ஆளைப் போட்டுடுவா.”

“பதினாலு குழந்தை, மாப்பிள்ளை.”

“பத்தொன்பது வருஷம், அத்தை.”

ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்து என் மாத்திரை டப்பாவுக்குள் போட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன். “இதைத் திறக்கணும்னா என் ரத்த அழுத்தத்தைத் தாண்டித்தான் திறக்கணும்” என்றேன். அவர் மறுக்காமல் தலையை ஆட்டினார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் குளியலறை ஈரமாக இருக்கிறது. அவருடைய சட்டை கொடியில் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கீழே வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். வண்டிக்கு இரண்டாவது சாவி உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. மகளை எழுப்பினால் மாத்திரை மயக்கத்தில் முனகுகிறாள்.

நான் செருப்புக்கூடப் போடவில்லை. இரண்டு மாடிப் படியையும் எப்படி இறங்கினேன் என்று என் முட்டியைத்தான் கேட்க வேண்டும். அவர் வண்டிக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் முன்கதவைத் திறந்து அவர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

அவர் வந்தார். ஏறினார். சாவியைப் போட்டார். வண்டி உறுமியது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என் முழங்கை அவருக்கு எட்டுகிற தூரம். அவர் தன்பாட்டுக்கு வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு தலையை முழுசாக இடப்பக்கம் திருப்பினார்.

“அய்யோ!”

“நான் ஏறி ரெண்டு நிமிஷம் ஆச்சு மாப்பிள்ளை” என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. “இறங்குங்க அத்தை. நேரமாச்சு.”

“பதினாலு குழந்தை போகிற வண்டியில பதினஞ்சாவதா நானும் வர்றேன். நல்லா ஓட்டற ஆள்தானே, கூட்டிட்டுப் போங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தார். “பாப்பா வேற இன்னும் வரலை. தினமும் இவளால லேட்டு. வண்டியைக் கேட் பக்கம் எடுத்து வைக்கிறேன், வந்து ஏறிக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே கையால் பிரேக்கை விடுவித்தார்.

பாப்பா வந்துவிட்டிருந்தாள்.

தினமும் அவள் நிற்கிற இடத்தில்தான் நின்றாள். இடப்பக்க முன்சக்கரத்துக்கும் தூணுக்கும் நடுவில், பையைக் கீழே வைத்துவிட்டு, என்னை வண்டிக்குள் பார்த்த ஆச்சரியத்தில் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நான் அவர் கையைப் பிரேக்கோடு சேர்த்துப் பிடித்து இழுத்தேன். எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. என்னால் கத்தக்கூட முடியவில்லை. விரலை மட்டும் நீட்டினேன். அவர் தலையைத் திருப்பினார், இன்னும் திருப்பினார், இன்னும் கொஞ்சம் திருப்பினார். அப்போதுதான் அவர் மகள் அவருக்குத் தெரிந்தாள்.

அவள் இன்னும் கையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாளே, அவள்தான்.

அவர் எஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “எத்தனை நாளா அங்க நிக்கிறா?” என்று கேட்டார்.

“ஒண்ணாம் வகுப்புல இருந்து” என்றேன்.

அவரேதான் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். “அம்மா, நான் நிதானம் பேசறேன். நாலாவது கோடு விழலை. ஆனா சாவியை வாங்கிக்கங்க. என் கண்ணு சரியில்லை. இனிமே பிள்ளைங்களை என்னை நம்பி ஏத்தாதீங்க.”

கண் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி பெரிய இயந்திரம் இருக்கிறது. அதற்குள் முகத்தைக் கொடுத்து நடுப்புள்ளியைப் பார்க்க வேண்டும். அங்கங்கே பொறி மின்னும். மின்னியது தெரிந்தால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். நானும் பேத்தியும் மூலையில் உட்கார்ந்திருந்தோம். இயந்திரம் ஒவ்வொரு பொறிக்கும் ‘க்ளுக்’கென்று முனகும். க்ளுக். அவர் கட்டைவிரல் சும்மா இருக்கும். க்ளுக். சும்மா இருக்கும். க்ளுக், க்ளுக், க்ளுக். எப்போதாவது ஒருமுறை விரல் அசையும்.

முடிந்ததும் ஒரு தாள் வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. அந்தத் தாளைப் படிக்க எழுத்து வேண்டியிருக்கவில்லை. முழுக்கக் கறுப்பு. நட்ட நடுவில் ஒரு சின்ன வெள்ளை வட்டம்.

“பாட்டி, இது குகை” என்றாள் பேத்தி.

டாக்டரம்மா அந்தத் தாளையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக வாடிவிட்டதாம். வலிக்காதாம். போன பார்வை வராதாம். மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாமாம். “வண்டி ஓட்டறீங்களா?” என்று கேட்டாள். “முந்தாநாள் வரைக்கும்” என்றார். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“எப்படிங்க உங்களுக்கே தெரியாம இருந்துச்சு?”

“இருட்டா இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் டாக்டர். இருட்டாவே இல்லையே. எல்லாம் இருக்கிற மாதிரியேதான் இருக்கு. இல்லாதது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் பேனாவை எடுத்துச் சொட்டு மருந்தின் பெயரை எழுதினாள்.

இப்போது வேன் ஷெட்டில் போன் எடுக்கிற வேலை. புது ஓட்டுநர்கள் வழி தெரியாமல் கூப்பிட்டால், “மூணாவது திருப்பத்துல அடைப்பு இருக்கும், அதை விட்டுட்டு அடுத்ததுல போ” என்பார். முதலாளியம்மா ஈரமனசுக்காரி என்று சொல்லமாட்டேன். இவர் மண்டைக்குள் இருக்கிற வழி அவளுக்கு வேண்டியிருக்கிறது. வண்டியை விட்ட முதல் வாரம் முழுக்க அவர் வீட்டில்தான் இருந்தார். வேன் சத்தம் கேட்கிற நேரத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவார்.

மகளுக்கு மாவுக்கட்டு பிரித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவளே உட்கார்ந்து அந்த விளக்குவாலைப் பிடித்துவிட்டாள். பிடித்ததும் குகைக்குத் திரும்பிப் போனாள். அவர் அதே ஸ்டூலில், அதே இடத்தில். நான் டீ டம்ளரை நேரே அவர் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

“போடறேன் பாருங்க” என்று சொல்லி என் மகள் பொத்தானை அழுத்தினாள். குகை முழுவதும் பளீரென்று வெளிச்சமாகிவிட்டது. நான் ‘ஆ’வென்று வாயைப் பிளந்தேன். அன்றைக்கு நாங்கள் தார் என்று நினைத்த இடத்தில் அருவி கொட்டுகிறது. சுவர் நெடுகக் குட்டிப் பூதங்கள் வரிசையாகப் படுத்துத் தூங்குகின்றன. அவ்வளவும் அன்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கின்றன.

“தெரியுதாங்க?” என்று என் மகள் கேட்டாள். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தக் கேள்விக்கு அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான். ‘ம், தெரியுது’ என்பார். நாங்கள் அதையே எதிர்பார்த்தோம். அவர் மேசையைக் கையால் தடவி, டம்ளரை அதன் நடுவில் வைத்தார்.

“தெரியலை” என்றார். “என்னென்ன இருக்கு? சொல்லுங்க.”

பேத்தி ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.